வாசகர் கேள்வி – பதில்: சீன எழுத்தில் ஒரு பெயர்

சீனாவுக்கு மருத்துவம் படிக்கச் செல்லும் எமது பிள்ளைகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, போய் இறங்கிய முதல் வாரத்திலேயே ‘உன் சீனப் பெயர் என்ன?’ என்று அவர்களைக் கேட்பார்கள் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இம்முறை இப்பகுதியை நிறைத்துவிட்டன. மற்றக் கேள்விகளை அனுப்பியவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: என் மகள் யாழினி புலமைப்பரிசில் பெற்றுச் சீனாவுக்குப் படிக்கச் செல்கிறாள். தந்தையின் பெயர் ‘இராம’ என்று தொடங்கும். நல்ல பொருளுள்ள சீனப் பெயர் ஒன்றை இங்கிருந்தே தெரிவுசெய்து அனுப்ப விரும்புகிறோம். எழுத்துகளை எப்படித் தேர்வது?
– ஒரு தாய், சுன்னாகம்

பதில்: நன்னூல் ஓரெழுத்தொருமொழிகள் நாற்பத்திரண்டு என்று கணக்குச் சொல்கிறது. ஆ என்றால் பசு, தீ என்றால் நெருப்பு, கோ என்றால் அரசன். எமக்கு நாற்பத்திரண்டோடு நின்றுவிட்ட இந்த வழக்கம் சீனத்தில் ஏறக்குறைய மொழி முழுவதற்கும் உரியது. 2013 ஆம் ஆண்டு சீன அரசு வெளியிட்ட பொது எழுத்துப் பட்டியலில் 8,105 எழுத்துகள் உள்ளன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை ஓர் அசையும் ஒரு பொருளும் உடையவை. ஆகையால் ‘யா–ழி–னி’ என்ற ஒலியை மட்டும் சீனத்தில் எழுதிவிட முடியாது. எந்த எழுத்தை எடுத்தாலும் அதன் பொருளும் கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும். நீங்கள் தெரிவுசெய்யாவிட்டால், பல்கலைக்கழகப் பதிவு அறையில் இருக்கும் எழுத்தர் தெரிவுசெய்வார்.

அவர் என்ன செய்வார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மகளின் கடவுச்சீட்டில் ‘ழி’க்கு ஆங்கில எழுத்துகளில் இசட்டையும் எச்சையும் சேர்த்து எழுதியிருப்பீர்கள். 1958 இல் சீனா ஏற்றுக்கொண்ட பின்யின் என்ற உரோமன் எழுத்துமுறையில் அந்த இணை, நாக்கை மடித்துச் சொல்லும் ஜகரம் போன்ற ஓர் ஒலியைக் குறிக்கும். எனவே உங்கள் யாழினி அங்கே ‘யாஜினி’ ஆவாள். கடைசி ‘நி’க்கு, பெண் பிள்ளையைக் குறிக்கும் எழுத்தும் உண்டு, சேற்றைக் குறிக்கும் எழுத்தும் உண்டு. பெரும்பாலும் முதலாவதைத்தான் போடுவார்கள். ஆனாலும் பிள்ளையின் பெயரை அந்தப் ‘பெரும்பாலும்’ என்ற சொல்லிடம் விட்டுவைப்பானேன்?

சீனப் பெயரின் அமைப்பு எமக்கு அந்நியமானதன்று. முதலில் குடும்பப் பெயர், அது பெரும்பாலும் ஓர் எழுத்து. அதன் பின் இயற்பெயர், அது ஒன்று அல்லது இரண்டு எழுத்து. தந்தை பெயரை முன்னும் தன் பெயரைப் பின்னும் வைத்து எழுதும் யாழ்ப்பாணத்தவருக்கு இந்த ஒழுங்கு ஆங்கிலப் படிவங்களின் ஒழுங்கைக் காட்டிலும் இயல்பானது. ஆகவே தந்தையின் பெயரிலிருந்து குடும்பப் பெயரை எடுப்போம். இராமன் சீனத்தில் ‘லுவோமோ’ என எழுதப்படுகிறான். அந்த ‘லுவோ’ சீனர்களிடையே பரவலாக உள்ள உண்மையான குடும்பப் பெயரும் ஆகும். வலை என்றும் மெல்லிய பட்டுத்துணி என்றும் அதற்குப் பொருள். குடும்பப் பெயரின் பொருளை எவரும் பெரிதாக ஆராய்வதில்லை. அது சீனரின் காதுக்குக் குடும்பப் பெயராகக் கேட்டால் போதும்.

இயற்பெயரில்தான் நிதானம் வேண்டும். மூன்று அசைகளின் ஒலியையும் கொண்டுபோக வேண்டும், பொருளும் நன்றாக இருக்க வேண்டும் என்று இரண்டுக்கும் ஆசைப்பட்டால் இரண்டும் கெடும். நான் சொல்வது இதுதான்: ஓர் எழுத்தில் ஒலியைக் காப்பாற்றுங்கள், மற்ற எழுத்தில் பொருளைக் காப்பாற்றுங்கள். மகளின் பெயரின் முதல் ஒலி ‘யா’. சீனத்தில் மூன்றாம் தொனியில், குரலைத் தாழ்த்திப் பின் எழுப்பிச் சொல்லும் ‘யா’ நேர்த்தி, நயம், பண்பட்ட தன்மை என்று பொருள்படும். பெயரின் பொருளோ யாழ். நரம்பிசைக் கருவியைக் குறிக்கும் சீனச் சொல் ‘ச்சின்’. பழைய சீனத்தின் ‘குச்சின்’ என்ற கருவிக்கு நரம்பு ஏழு. எமது செங்கோட்டியாழுக்கும் நரம்பு ஏழு. குச்சின் மடியிலோ மேசையிலோ கிடத்தி வாசிக்கும் கருவி, யாழ் அப்படிப்பட்டதன்று என்று இசை அறிந்தவர்கள் மறுப்பார்கள். அவர்கள் சொல்வது சரி. யாழுக்கு வடிவில் நெருங்கிய கருவியை இன்றைய சீனத்தில் ‘ஷூச்சின்’, அதாவது நிமிர்ந்து நிற்கும் ச்சின் என்பார்கள். ஆயினும் பெயருக்கு ‘ச்சின்’ என்ற தனியெழுத்தே அழகு. இரண்டையும் சேர்த்தால் ‘யாச்சின்’. முழுப்பெயர் லுவோ யாச்சின்: நேர்த்தியான யாழ்.

இதில் ஒரு குறையும் உண்டு. ‘ச்சின்’ என்று முடியும் பெண் பெயர்கள் இன்று பாட்டிமாராக இருக்கும் தலைமுறையில் அதிகம். இருபது வயதுப் பெண்ணுக்கு எமது ஊரில் ‘நாகம்மா’ என்று வைத்ததுபோல் அவ்வளவு மோசமில்லை. ‘சரஸ்வதி’ என்று வைத்ததுபோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மகளுக்கு அது பிடிக்காவிட்டால் ‘யா’வை வைத்துக்கொண்டு இரண்டாவது எழுத்தை மாற்றலாம். எனக்குப் பழைய பெயர்கள் பிடிக்கும்.

புறப்படுவதற்கு முன் மகள் இரண்டு காரியங்களைப் பழக வேண்டும். முதலாவது தொனி. உயர்ந்து சமமாக நீளும் முதல் தொனியில் ‘யா’ என்றால் தாரா; கேள்வி கேட்பதுபோல் ஏறும் இரண்டாம் தொனியில் பல்; தாழ்ந்து எழும் மூன்றாம் தொனியில்தான் நேர்த்தி; சட்டென்று விழும் நான்காம் தொனியில் ஆசியாக் கண்டத்தின் முதல் எழுத்து. தன் பெயரையாவது தொனி தவறாமல் சொல்லப் பழகாவிட்டால் ஆறு ஆண்டும் தாராவாகவே இருக்க நேரும். இரண்டாவது, பெயரை விளக்கிச் சொல்லும் முறை. ஒரே ஒலிக்குப் பல எழுத்துகள் இருப்பதால் சீனர்கள் தொலைபேசியில் பெயர் சொல்லும்போது ‘லின், இரட்டை மரம் லின்’ என்றும், ‘சாங், வில்லும் நீளமும் சேர்ந்த சாங்’ என்றும், ‘லீ, மரத்தின் கீழ்ப் பிள்ளை லீ’ என்றும் எழுத்தைப் பிரித்துக் காட்டுவார்கள். மகள் ‘பியானோவில் வரும் ச்சின்’ என்று சொன்னால் போதும். பியானோவுக்குச் சீனப் பெயர் ‘காங்ச்சின்’, உருக்கு யாழ்.

பெயரை ஒருமுறை முடிவுசெய்தபின் வகுப்புப் பதிவு, விடுதி, நூலக அட்டை என்று எல்லா இடத்திலும் அதே மூன்று எழுத்துகளையே கொடுக்க வேண்டும். சட்டப்படியான பெயர் கடவுச்சீட்டில் உள்ளதுதான் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இப்படி ஒலியையும் பொருளையும் பங்குபோட்டுப் பெயர் வைப்பது நான் கண்டுபிடித்த வழியன்று. தாகூர் 1924 மே மாதம் பெய்ஜிங்கில் தமது பிறந்தநாளைக் கொண்டாடியபோது அறிஞர் லியாங் ச்சிச்சாவ் அவருக்கு ‘ஜூ ஜென்தான்’ என்று பெயர் சூட்டினார். இந்தியாவின் பழைய சீனப் பெயரான ‘தியன்ஜூ’விலிருந்து குடும்பப் பெயர் எடுக்கப்பட்டது, முற்காலத்தில் இந்தியாவிலிருந்து சென்ற துறவிகளும் அந்த ‘ஜூ’வையே தாங்கினார்கள். ‘ஜென்’ என்றால் இடி, ‘தான்’ என்றால் விடியல்: ரவீந்திரநாத் என்ற அவர் பெயரில் உள்ள ரவி, இந்திரன் என்ற இரண்டும் அதற்குள் வந்துவிட்டன. அத்துடன், சீனத்தைக் குறித்த ‘சீனஸ்தானம்’ என்ற வடசொல்லைப் பழைய பௌத்த மொழிபெயர்ப்பாளர்கள் எழுதியதும் இதே ‘ஜென்தான்’ தான். மூன்று எழுத்துக்குள் இரண்டு நாடும் ஒரு கவிஞரும் அடக்கம். அந்த அளவுக்கு எம்மால் முடியாது; முயற்சி செய்யலாம்.

கேள்வி: என் பெயர் கிருஷாந்தன். கைத்தொலைபேசிச் செயலி ஒன்றில் இட்டபோது ஆறு சீன எழுத்துகள் வந்தன. அதையே வைத்துக்கொண்டால் என்ன?
– மாணவன், கோண்டாவில்

பதில்: வைத்துக்கொள்ளலாம், செய்தித்தாளில் அடிபடும் வெளிநாட்டு அமைச்சரைப்போல் இருக்கும். சீனப் பொதுமொழியில் மெய்யெழுத்துகள் அடுத்தடுத்து வருவதில்லை. அசையின் இறுதியில் உயிரோ, நகர ஒலியோ, ‘ங்’ ஒலியோ, அருகி ஒரு ரகர ஒலியோதான் நிற்கும். ஆகவே ‘கிரு’வை ‘கெ–லி’ என்று உடைப்பார்கள். கிருஷ்ணன் அங்கே ‘கெ–லி–சி–நா’. எழுத்துக்கு எழுத்துப் பொருள் பார்த்தால் ‘வெல், உள்ளே, நம்பிக்கை, அது’. சின்ஹுவா செய்தி நிறுவனம் வெளிநாட்டுப் பெயர்களுக்கென வைத்திருக்கும் அட்டவணைகளும் இந்த வேலையைத்தான் செய்கின்றன. அவை செய்திக்கு உகந்தவை, வகுப்பில் பக்கத்தில் இருப்பவர் கூப்பிடுவதற்கு உகந்தவை அல்ல.

அகராதியை மட்டும் நம்பினால் என்ன நடக்கும் என்பதற்கு நானே சாட்சி. இளவயதில் குவாங்சோ நகருக்குப் படிக்கச் சென்றபோது, என் பெயரின் ‘குமா’ என்ற தொடக்கத்தை எடுத்து, ‘கு’ என்பதற்குப் ‘பழைமை’ என்ற எழுத்தையும், ‘மா’ என்பதற்குக் ‘குதிரை’ என்ற எழுத்தையும் தெரிந்து, பழம்பெரும் புரவி என்று எனக்கு நானே பெயர் சூட்டிக்கொண்டேன். முதல் எழுத்து உண்மையான குடும்பப் பெயர்தான், இரண்டும் ஆண்மையான எழுத்துகள்தான்; காகிதத்தில் ஒரு பிழையும் இல்லை. வகுப்பில் எழுந்து நின்று, தொனி தெரியாத வாயால் ‘குமா’ என்றேன். முதலில் முன்வரிசையில் இருந்த ஒருத்தி கையால் வாயைப் பொத்தினாள், பிறகு வகுப்பே சிரித்தது. அந்த இரண்டு அசையையும் முதல் தொனியில் சொன்னால் தந்தையின் சகோதரி, அதாவது எமது வழக்கில் மாமி. முழங்காலளவு தாடியோடு எழுந்து நின்று ‘வணக்கம், நான் மாமி’ என்றிருக்கிறேன். தாடி முழங்காலளவு இல்லை. அன்றைக்கு அப்படித் தோன்றியது.

என்னை மீட்டவர் விடுதிக்கு எதிரே தேநீர்க் கடை வைத்திருந்த முதியவர். கதையைக் கேட்டுவிட்டு, மேசையில் சிந்திக் கிடந்த தேநீரில் விரலைத் தோய்த்து ஒரு சூரியனையும் அதன் அருகே ஒரு சந்திரனையும் எழுதினார். இரண்டும் சேர்ந்தால் ‘மிங்’, ஒளி. முன்னே ‘கு’ என்ற ஒலியில் வேறொரு குடும்பப் பெயரை வைத்தார். திரும்பிப் பார்த்தல், கவனித்தல் என்று அதற்குப் பொருள். தேநீர் உலர்வதற்குள் அதைக் கொப்பியில் பார்த்து எழுதிக்கொண்டேன். இன்றும் என் சீனக் கையெழுத்து அதுதான்.

ஆகவே தெரிவுசெய்த பெயரை எழுதிப் பார்ப்பதோடு நிற்காமல், சீனத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவரிடம் கொடுத்து உரக்கச் சொல்லச் சொல்லுங்கள். சீனர்களே தமக்குள் சொல்லிச் சிரிக்கும் ஒரு பெயர் உண்டு: ஷி ஜென்சியாங். ‘ஷி’ வரலாறு என்று பொருள்படும் மதிப்புள்ள குடும்பப் பெயர், ‘ஜென்’ அரிய பொருள், ‘சியாங்’ நறுமணம். எழுத்தில் இதைவிட உயர்ந்த பெயர் கிடையாது. காதால் கேட்டால் ‘மலம் உண்மையிலேயே மணக்கிறது’ என்ற வாக்கியம். கிருஷாந்தன் தம்பி, உமக்கு ‘சாந்தம்’ பொருளில் கிடைக்கிறது. ‘ஆன்’ என்ற எழுத்து கூரையின் கீழ் ஒரு பெண் இருப்பதுபோன்ற வடிவம், பொருள் அமைதி. ஒலியிலும் அது உமது பெயரின் நடுவில் இருக்கிறது. அங்கிருந்து தொடங்கும்.

கேள்வி: சீன நூலொன்றில் சிவபெருமானின் பெயருக்கு எழுதப்படும் எழுத்துகள் ‘ஈரம்’, ‘கிழவி’ என்று பொருள்படுவன என அறிந்து மனம் நொந்தேன். இது திட்டமிட்ட இழிவுபடுத்தலா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், நல்லூர்

பதில்: ஐயா, மனம் நோக வேண்டியதில்லை. இன்றைய உச்சரிப்பில் ‘ஷிபோ’ என்று வரும் அந்தப் பெயரின் முதல் எழுத்து ஈரத்தையும் இரண்டாவது எழுத்து முதிய பெண்ணையும் குறிப்பது உண்மைதான். ஆனால் வடமொழிப் பெயர்கள் சீனத்துக்குச் சென்ற காலத்தின் உச்சரிப்பு வேறு. அன்று முதல் எழுத்து ‘ஷிப்’ என்று பகர மெய்யில் முடிந்தது. இரண்டாவது ‘பா’ என்று, ஆங்கிலத்தின் பி எழுத்தொலியோடு ஒலித்தது. இரண்டையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், ‘ஷிப்பா’, சிவ. அந்தப் பகர மெய்யை, தென்சீனத்திலும் ஹொங்கொங்கிலும் பேசப்படும் கான்டனீஸ் மொழி இன்றும் காப்பாற்றி வைத்திருக்கிறது. ஈரத்தை அவர்கள் ‘சப்’ என்றுதான் சொல்கிறார்கள். ஒலிக்காக மட்டும் எடுத்த எழுத்தில் பொருள் உறங்கிப் போகும். ‘பொன்னம்பலம்’ என்று ஒருவரைக் கூப்பிடும்போது எமக்குப் பொன்வேய்ந்த அம்பலம் கண்முன் வருவதில்லை அல்லவா? பிராமணனைக் குறிக்கும் ‘போலுவோமென்’ என்ற சொல்லிலும் அதே கிழவிதான் முன்னால் நிற்கிறாள். விஷ்ணுவின் பெயரிலோ கடைசி எழுத்து அடிமை.

புத்தரின் அணுக்கச் சீடரான ஆனந்தரை எடுத்துக்கொள்வோம். பெயரின் பொருள் பேரின்பம். ஒலியால் எழுதியபோது ‘ஆநான்’ ஆகி, இரண்டாவது எழுத்து ‘துன்பம், சிரமம்’ என்று பொருள்படுவதாக அமைந்துவிட்டது. பொருளால் மொழிபெயர்த்தவர்கள் ‘சிங்சி’ என்று எழுதினார்கள், கொண்டாட்டமும் மகிழ்ச்சியும். கோயில்களிலும் மக்கள் வாயிலும் நிலைத்தது முதலாவது. எமது யுவான் சுவாங், எவ்வெவ்வகைச் சொற்களைப் பொருளால் பெயர்க்காமல் ஒலியாகவே விட வேண்டும் என்று ஐந்து வகை வகுத்ததாகக் கூறப்படுகிறது. மந்திரச் சொற்களும் பல பொருள் தாங்கிய சொற்களும் அவற்றில் சேரும். ‘சிவ’ என்பதும் அவ்வாறான சொல்லே என்று தாங்கள் சொல்வீர்கள், நானும் ஒப்புவேன். அந்த எழுத்துகளால் இழிவு வந்திருந்தால், சீனத்தின் சுவான்சோ துறைமுகத்தில் தமிழ் வணிகர் சிவனுக்குக் கோயில் எடுத்திருக்க இடமிருந்திராது; அக்கோயிலைக் குறிக்கும் 1281 ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டின் இறுதியில் சீன எழுத்தும் உண்டு.

கேள்வி: ரொறன்ரோவில் வாழும் என் மகன் ஹொங்கொங் குடும்பத்துப் பெண்ணை மணந்துள்ளான். பேரப்பிள்ளைக்கு என் பெயரை, அதாவது ‘ஞானம்’ என்பதைச் சீனத்தில் வைக்கச் சொன்னேன். மருமகள் ‘அப்பாவின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது பெரும் மரியாதைக்கேடு’ என்கிறாள். என்னை மதிக்கவில்லை என்றே எனக்குப் படுகிறது.
– ஒரு பேரன், கரவெட்டி

பதில்: உங்கள் கையொப்பத்தைப் பார்த்துவிட்டு ‘பேரன் என்றால் பேரப்பிள்ளையா எழுதியிருக்கிறது?’ என்று தமிழ்நாட்டு வாசகர் ஒருவர் குழம்பக்கூடும். யாழ்ப்பாணத்தில் தாத்தாவைப் பேரன் என்கிறோம். பிறவிடங்களில் மகனின் மகனைப் பேரன் என்கிறார்கள். சொல்லின் வேர் ‘பெயரன்’, பெயரை உடையவன். பெயரைக் கொடுத்தவனும் அதை வாங்கியவனும் ஒரே சொல்லுக்குள் இருப்பது எமது முறை. உங்கள் வருத்தம் அந்தச் சொல்லின் வயதுள்ளது, அதை நான் சிறிதாக எண்ணவில்லை.

ஆனால் மருமகளின் மரபும் குறைந்த வயதுடையதன்று. மூத்தோரின் இயற்பெயரில் உள்ள எழுத்தை இளையவருக்கு வைப்பதும், அதை வாயால் சொல்வதும் சீனத்தில் நெடுங்காலமாக விலக்கு. மன்னர் பெயருக்கு இந்த விலக்கு நாடு முழுவதையும் கட்டுப்படுத்தியது: பெய்ஜிங் அரண்மனையின் வடக்கு வாயில் ‘சுவான்வு’ எனப்பட்டது, காங்சி மன்னரின் இயற்பெயரிலும் அந்தச் ‘சுவான்’ இருந்தமையால் வாயிலின் பெயரை ‘ஷென்வு’ என்று மாற்றினார்கள். வீட்டிலும் அதே நியாயம்தான். பிள்ளை குழப்படி செய்யும்போது பாட்டனாரின் பெயரைச் சொல்லித் திட்ட நேரும் அல்லவா? எமது ஊரிலும் மாமனாரின் பெயரைச் சொல்ல வாய் வராத மருமகள்மார், அதே பெயர் வைத்த பிள்ளையை ராசா என்றும் குஞ்சு என்றும் கூப்பிட்டே வளர்த்து முடித்ததை நீங்கள் கண்டிருப்பீர்கள். அவர்கள் கூப்பிடாமல் காட்டிய மரியாதையைத்தான் உங்கள் மருமகள் வைக்காமல் காட்டுகிறாள்.

வழி ஒன்று இருக்கிறது. உங்களுக்கு இதுவரை சீனப் பெயர் கிடையாது. ஆகவே எந்தச் சீன எழுத்தும் உங்களுடையது ஆகவில்லை. அறிவைக் குறிக்க ‘ஜி’ என்ற எழுத்து உண்டு, ஆண் பிள்ளைகளின் பெயரில் தாராளமாக வரும். ‘ஹுய்’ என்ற எழுத்தும் மெய்யறிவைத்தான் குறிக்கிறது. அது பெண் பிள்ளைகளுக்கே மிகுதியாக வைக்கப்படும். முதலாவதை ஞானத்தின் மொழிபெயர்ப்பாக அன்றி, பிள்ளைக்கு உரிய நல்லெழுத்தாக மருமகளே தெரிவுசெய்யும்படி மகன்மூலம் சொல்லுங்கள். பிறப்புப் பதிவில் ஆங்கில எழுத்தில் உங்கள் தமிழ்ப் பெயரும் கூட நிற்கட்டும்.

இன்னொன்றையும் கேட்டுப் பார்க்கலாம். சீனக் குடும்பங்கள் பலவற்றில் ஒரே தலைமுறைச் சகோதரர் எல்லோருக்கும் ஓர் எழுத்துப் பொது; மா சேதுங்கின் தம்பிமார் சேமின், சேதான் என்ற பெயர்களில் ‘சே’ அவ்வாறு வந்தது. உங்கள் பேரப்பிள்ளைகள் அனைவருக்கும் அந்த ‘ஜி’ பொதுவெழுத்தாக அமைந்தால், ஒரு பிள்ளைக்குப் பதில் எத்தனை பிள்ளைகள் பிறந்தாலும் அத்தனை பேரிடமும் ஞானம் இருக்கும். மருமகள் ஹொங்கொங் குடும்பத்தவர் என்பதால் எழுத்துகளை மரபு வடிவிலும், ஒலியைக் கான்டனீஸ் முறையிலும் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். பெய்ஜிங் ஒலிக்கு அழகாக இருப்பது அங்கே வேறாகக் கேட்கும்.

கேள்வி: தோளில் ‘வீரம்’ என்று சீன எழுத்தில் பச்சை குத்த விரும்புகிறேன். எந்த எழுத்து?
– இளைஞன், பருத்தித்துறை

பதில்: ‘யோங்’. ஆனால் சிங் அரச மரபின் காலத்தில் கூலிக்குச் சேர்ந்த படைவீரர்களின் சட்டையில் மார்புக்கு நேரே ஒரு வட்டத்துக்குள் எழுதியிருந்ததும் அதே எழுத்துத்தான். சீனத் தொலைக்காட்சி நாடகங்களில் கூட்டமாக ஓடிவந்து முதல் அம்பிலேயே விழுபவர்கள் அவர்கள். பண்டைச் சீனத்தில் குற்றவாளியின் முகத்தில் மை குத்துவது ஐந்து பெருந்தண்டனைகளில் ஒன்றாகவும் இருந்தது. இவ்வளவும் தெரிந்த பின்பும் விருப்பம் இருந்தால் குத்துங்கள். குத்துபவருக்கு எழுத்து தலைகீழாகப் போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எண்சாத்திரப்படி சீனப் பெயர் அமைக்க முடியுமா?
– வாசகி, மானிப்பாய்

பதில்: சீனரிடமும் அது உண்டு, எழுத்தின் கோடுகளை எண்ணுவார்கள். யாழினிக்குச் சொன்ன ‘யா’வுக்குப் பன்னிரண்டு கோடு, ‘ச்சின்’னுக்கும் பன்னிரண்டு. சிக்கல் என்னவென்றால் 1950களில் எழுத்துகள் எளிமையாக்கப்பட்டபோது கோடுகள் குறைந்துவிட்டன. கடல்நாகத்தைக் குறிக்கும் ‘லோங்’ மரபு வடிவில் பதினாறு கோடு, எளிய வடிவில் ஐந்து. தாய்வானில் அதிர்ஷ்டமாக இருப்பவர் பெய்ஜிங்கில் இறங்கியதும் துரதிர்ஷ்டசாலி ஆகிவிடுவாரா என்று சாத்திரிமாரைத்தான் கேட்க வேண்டும்.

பிறந்த நேரத்தை வைத்து ஐம்பொருள் பார்ப்பதும் உண்டு. எமது ஐம்பூதத்தில் உள்ள காற்றும் வானும் அவர்களிடம் இல்லை. மரமும் உலோகமும் அவற்றின் இடத்தில் இருக்கின்றன. நீர் குறைந்த பிள்ளைக்கு மூன்று நீர்த்துளி பக்கத்தில் சேர்ந்த எழுத்தை வைப்பார்கள். எமது பஞ்சாங்கத்தையும் அவர்களுடையதையும் ஒரே பெயரில் திருப்திப்படுத்த முயல வேண்டாம். நாலாம் எண்ணின் ஒலி ‘ஸ்’ என்பதை, அது சாவுக்கு நெருங்கிய ஒலி என்பதற்காக, பெயரில் தவிர்த்தால் போதும்.

கேள்வி: நாங்கள் பனங்கட்டி, புழுக்கொடியல் முதலியவற்றைப் பொதி செய்து விற்கிறோம். சீனக் கொள்வனவாளர் ஒருவர் பொதியில் சீனப் பெயரும் வேண்டும் என்கிறார்.
– சிறுதொழில் முயற்சியாளர், கைதடி

பதில்: பொருளின் பெயரும் உங்கள் வர்த்தகப் பெயரும் வேறு வேறு, இரண்டையும் ஒன்றாகக் குழப்பாதீர்கள். பனை மரத்துக்குச் சீனத்தில் ‘தாங்சொங்’ என்ற நல்ல பெயர் ஏற்கெனவே இருக்கிறது. ‘தாங்’ சர்க்கரை, ‘சொங்’ பனையினம். பனங்கட்டிக்கு அகராதி காட்டும் ‘சொங்லூதாங்’ எல்லாப் பனையினச் சர்க்கரைக்கும் பொது. கித்துல் வெல்லமும் அதற்குள் அடங்கும். ஆகவே ‘தாங்சொங்’ என்ற சொல் பொதியில் எங்காவது வந்தேயாக வேண்டும். இல்லாவிட்டால் யாழ்ப்பாணத்துப் பனைக்கும் மற்றவற்றுக்கும் வேறுபாடு தெரியாது. ஏட்டோலைக்குப் ‘பெய்யெ’ என்று பழைய பெயர் ஒன்றும் உண்டு. அது வடமொழிப் ‘பத்ர’த்திலிருந்து வந்தது, சுவடியை நினைவூட்டுவது, கேட்க அழகு, ஆனால் தின்னும் பண்டத்தில் வேண்டாம்.

வர்த்தகப் பெயர் இரண்டு முதல் நான்கு எழுத்துக்குள் இருக்கட்டும். கொக்கா கோலா ‘கெ–கோ–கெ–லெ’ என்று எழுதப்படுகிறது. வாய்க்கு இனிது, மனத்துக்கு மகிழ்ச்சி என்று பொருள் வரும். ஒலியும் கெடவில்லை, பண்டமும் தெரிகிறது. இதற்கு மேல் ஒரு பெயரிடம் எதிர்பார்க்க முடியாது. ஆனால் அழகான பெயர் கிடைத்ததும் பொதியை அச்சிட ஓட வேண்டாம். சீனாவில் வர்த்தகக் குறி முதலில் பதிந்தவருக்கே உரியது. முதலில் பயன்படுத்தியவர் என்பதற்குப் பெரும்பாலும் மதிப்பில்லை. நீங்கள் யோசித்த பெயரைக் கொள்வனவாளரிடம் வாயால் சொல்வதற்கு முன்னரே பதிவுக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

கேள்வி: யாழ்ப்பாணத்தையும் தமிழையும் சீனர் எப்படி எழுதுகிறார்கள்?
– மாணவி, வேம்படி வீதி

பதில்: யாழ்ப்பாணம் ‘ஜியா–ஃபூ–நா’. ஜியா ஒரு குடும்பப் பெயர், ஃபூ ஆண் அல்லது கணவன், நா ஏற்றுக்கொள்ளல். ஆங்கிலப் பெயரிலிருந்து எடுத்ததால் யாழும் இல்லை, பாணரும் இல்லை. இலங்கையின் பெயருக்கு அதிர்ஷ்டம் கூட. ‘ஸ்ரீலங்கா’வின் நடுவில் வரும் ‘லான்’ ஓக்கிட் மலர்.

தமிழ் ‘தாய்–மி–அர்’ ஆகிறது. ‘தாய்’ என்பது பேரமைதி, ‘மி’ என்பது அரிசி. சிங்கப்பூர்ச் சீனர் முதலெழுத்தை மாற்றித் ‘தன்–மி–அர்’ என்று எழுதுகிறார்கள். அந்தத் ‘தன்’னுக்குச் சுவை குறைந்தது, சப்பென்றது என்றும் பொருள் உண்டு. அரிசி இரண்டிலும் இருக்கிறது. சிங்கப்பூருக்கோ மலேசியாவுக்கோ எழுதும்போது மட்டும் இரண்டாவது வடிவத்தை எழுதுங்கள், மற்ற இடங்களுக்கு முதலாவது.